ஓடைப் பள்ளத்துக்கு ஊற்றாத தண்ணீர்

போடப் போகிற புது ரோட்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இஞ்சினியரம்மா சொன்னதும், கூட்டத்தில் முதலில் சிரித்தது என் புருஷன் கத்தலினோதான். அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. கோயில் முற்றத்து மாமரத்தடியில் கரந்தாய் ஊரே உட்கார்ந்திருந்தது. இலை ஊறின குளிர்ந்த தெரெரே கைமாறிக்கொண்டிருந்தது, அந்தக் குவளைகூட ஒரு நிமிடம் நின்றுவிட்டது. "சேறு பிசையவா எங்களக் கூப்பிட்டீங்க? அத மழையே சும்மா செஞ்சு குடுக்குதேம்மா!" என்றான் கத்தலினோ. இஞ்சினியரம்மாவின் பெயர் கிரிசெல்தா. எங்கள் மகள் வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவளும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். "இது வெறும் மண்ணில்ல, தோன் கத்தலினோ. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண்ணு. காய விட்டா செத்துரும். செவுரு கட்டினா தண்ணி ஊத்த மாட்டீங்க?" என்று "தோன்" போட்டு மரியாதையாகவே கேட்டாள். "எங்க வீடு பலகை வீடும்மா. தண்ணி ஊத்தினா உளுத்துப் போயிரும்" என்றான் அவன். சிரிப்பு இரண்டு மடங்கானது. நானும் விழுந்து விழுந்துதான் சிரித்தேன்.

அவன் சொன்னதில் தப்பும் இல்லை. கரந்தாயில் செங்கல் வீடு என்று பார்த்தால் கோயிலும் பள்ளிக்கூடமும்தான். தண்ணீர் என்றால் ரோட்டுக்கு எமன் என்பதுதான் நாங்கள் படித்த ஒரே பாடம். இந்தச் செம்மண்ணில் ஒரு மழை விழுந்தால் சோப்பு தேய்த்த மாதிரி ஆகிவிடும். அதன்மேல் ஒரு லாரி போனால் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்துவிட்டுப் போகும். காய்ந்த பிறகு அந்தப் பள்ளம் அப்படியே இறுகி, மாட்டு வண்டிகூடப் போக முடியாது. அதனால்தான் தார்ச்சாலையிலிருந்து எங்கள் ரோடு பிரிகிற வாயில் இரண்டு கட்டைகளை நட்டுக் குறுக்கே சங்கிலி போட்டிருக்கிறோம். மழை வந்தால் சங்கிலி ஏறும், ரோடு காய்ந்தால் இறங்கும். அதற்குச் சாவி வைத்திருப்பவன் கத்தலினோ. எங்கள் மூத்தவன் தொட்டிலில் கிடந்த காலத்தில் வாங்கிய சாவி அது. குதிகாலை மண்ணில் அழுத்திப் பார்த்து, "நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பிணத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும் திறப்பான். ஓட்டுக் கேட்க வந்தவனின் புதுக் காரையும் நிறுத்தியிருக்கிறான், கல்யாண ஊர்வலத்தையும் நிறுத்தியிருக்கிறான். மாப்பிள்ளை பூட்சைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். கரந்தாயில் பாதிப் பேரின் சாபம் என் புருஷன் தலையில்தான் இருக்கிறது. அதை அவன் தொப்பி மாதிரி நிமிர்ந்துதான் போட்டுக்கொண்டு திரிந்தான்.

அந்தச் சங்கிலியால் அதிகம் நஷ்டப்பட்டவள் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள், எங்கள் மகள் லிதுவினா. பையன்கள் இரண்டு பேரும் புவெனோஸ் ஐரெஸுக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் போன் உண்டு. மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான். தார்ச்சாலையில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறி இறங்கி சீபா ரொட்டி விற்றுச் சேர்த்த பணத்தில் ஒவ்வொன்றாக ஐந்து மாடு வாங்கியிருந்தாள். பால் கூட்டுறவின் லாரி வெயில் நாளில் வரும். மழை நாளில் சங்கிலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அன்றைய பாலைப் பாலாடைக்கட்டி ஆக்குவாள், ஆக்கி முடியாததைப் பன்றிக்கு ஊற்றுவாள். "நீங்க சங்கிலியப் போடுங்கப்பா, பன்னி ரெண்டும் ஒங்களத்தான் கும்பிடுது" என்பாள். அவன் சிரிப்பான். ஆனால் அந்த வருடம் அவள் சிரிப்பாகப் பேசவில்லை. மழையிலும் லாரி வந்து போகிற ரோடு என்றால் தினமும் பால் எடுக்கிறோம், உங்கள் வீட்டிலேயே குளிரூட்டும் தொட்டி வைக்கிறோம் என்று கூட்டுறவு சொல்லியிருந்தது. புது ரோட்டில் முதல் பெரிய மழைக்கு லாரி வந்து பார்க்கும், அதற்குப் பிறகு முடிவு. "இந்த ரோடு நின்னா நானும் நிப்பேன். இல்லேன்னா அண்ணன்கிட்டப் போயிர்றேன். இதுக்கு மேல பன்னிக்குப் பால் கறக்க என்னால ஆகாது" என்று மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள். கத்தலினோ மறுநாள் ரோடு வேலைக்கு முதல் ஆளாகப் போய் நின்றான்.

அந்த வேலையை இப்போது நினைத்தாலும் மனசு நிறையும். கிரேடர் வந்து பழைய ரோட்டைக் கிளறிப் போட்டது. சுண்ணாம்பு மூட்டைகளையும் சிமெண்டு மூட்டைகளையும் வரிசையாக வைத்து, மண்வெட்டியால் கீறிக் கொட்டி நிரவினோம். பிறகு டிராக்டர் தட்டுக் கலப்பையால் புரட்டிப் புரட்டிக் கலந்தது. மூக்கில் துணி கட்டியும் எல்லோருக்கும் கண் எரிந்தது, ஊரே அழுத மாதிரி இருந்தது. கத்தலினோவுக்கு விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரித்துப் புண்ணாகிவிட்டது. நான் பன்றிக் கொழுப்பைத் தடவிவிட்டால் மறுநாள் அதே கையோடு மூட்டையைத் தூக்குவான். ரோலர் உருண்டு ஓடைப் பள்ளத்தைத் தாண்டியபோது அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்தேன். சங்கிலிக்கும் முதல் வீட்டுக்கும் நடுவில் ரோடு இறங்கி ஏறுகிற இடம் அது. எத்தனை வண்டி மாட்டினாலும் அங்கேதான் மாட்டும்.

தண்ணீர் ஊற்றும் வேலையை இஞ்சினியரம்மா பங்கு போட்டுக் கொடுத்தாள். வீட்டு எதிரில் இருக்கிற ரோடு அந்தந்த வீட்டுக்கு. ஓடைப் பள்ளத்தில் வீடு ஏதும் இல்லை. எங்கள் மரவள்ளிக் கொல்லை மட்டும் வேலி ஓரமாக இருக்கிறது. அதனால் அந்தப் பள்ளம் கத்தலினோவுக்கு என்றாயிற்று. சங்கிலியும் அவனுக்கே. அந்த வாரம் முழுக்க ஒரு வண்டியும் ஏறக் கூடாது. அதை மட்டும் அவன் ராஜா மாதிரி செய்தான், ஒரு சைக்கிளைக்கூட விடவில்லை. ஊரில் ஒரே கேலியாக இருந்தது. நாங்கள் ஞா போட்டு மரியாதையாகக் கூப்பிடும் பக்கத்து வீட்டு ஞா பிளாசிதா வாளியைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கடி, ரோடு பூ விடப் போகுது" என்று கத்துவாள். ஆனாலும் எல்லோரும் சொன்னபடி ஊற்றினார்கள். கத்தலினோவும் மாட்டு வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் போவான். பீப்பாய் காலியாகத் திரும்பும். "ஊத்தியாச்சா?" என்றால், "ஊத்தியாச்சு" என்பான். நான் வேறென்ன கேட்பேன்?

வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் லேசாகத் தூறல் விழுந்தது. உடனே கத்தலினோ வைக்கோலை மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை உருவிக்கொண்டு ஓடைப் பள்ளத்துக்கு ஓடினான். "வா பஸ்தோரா, ஒரு பக்கம் புடி!" என்று கத்தினான். நானும் ஓடிப் போய் ஒரு முனையைப் பிடித்தேன். புது ரோட்டின் மேல் விரித்துக் கல் வைத்தோம். தூறல் நின்று வெயில் வந்ததும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும், "தோன் கத்தலினோ மாதிரி அக்கறை யாருக்கு வரும்?" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இஞ்சினியரம்மா அந்த வாரம் தூரத்தில் வேறொரு ஊர் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனில்தான், "எல்லா எடமும் நனஞ்சுதா?" என்று கேட்டாள். "நனஞ்சுது" என்றான் இவன்.

பெரிய மழை சீக்கிரமே வந்தது. கூரை கிழிகிற மாதிரி ஒரு ராத்திரி முழுக்கப் பெய்து, விடிந்தும் விடவில்லை. கத்தலினோ சங்கிலியைப் போடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையில் நின்றான். அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை. பால் லாரி வந்தது. ஓட்டுநர் ஒதிலோன் கண்ணாடியை இறக்கி, "நெசமாவே போலாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பினான். லிதுவினா பால் கேன்களை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி பள்ளத்தில் இறங்கியது. ஏறவில்லை. இன்ஜின் அலறுகிற சத்தம்தான் வீடு வரைக்கும் கேட்டது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் போயிருந்தன. மேலே பொருக்காக இருந்தது உடைந்து, கீழே பழைய செஞ்சேறு. லிதுவினா முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினாள். கத்தலினோ எருதுகளைப் பூட்டிக் கயிறு கட்டி இழுத்தான். லாரி வெளியே வந்து பின்பக்கமாகவே தார்ச்சாலைக்குப் போயிற்று. "நான் என்ன செய்ய, தங்கச்சி? பாத்ததச் சொல்லித்தான ஆகணும்?" என்றான் ஒதிலோன். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மழை விட்டதும் இஞ்சினியரம்மா ஒரு கொத்தியோடு வந்தாள். ஊர் பின்னாலேயே நடந்தது. ஞா பிளாசிதா வீட்டு எதிரில் கொத்தினாள். டங்கென்று கொத்தி எகிறியது. அடுத்த வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். ஓடைப் பள்ளத்தில் கொத்தி சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினாள், பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. "இந்த மண்ணு தண்ணியே குடிக்கலயே" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கத்தலினோ தொப்பியைக் கண் வரை இறக்கிவிட்டிருந்தான். நான் தற்செயலாகத்தான் வேலிப் பக்கம் திரும்பினேன். அந்த வெயில் வாரத்தில் எங்கள் மரவள்ளி முழுக்க வாடி இலை உதிர்த்திருந்தது. வேலி ஓரத்து வரிசைகள் மட்டும் கரும்பச்சையாகத் தழைத்து நின்றன. நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து குவளையில் தெரெரே ஊற்றி அவன் கையில் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தான்.

"மரவள்ளிக்கு ஏன் ஊத்தின, கத்தலினோ?"

"மொத நாளு ரோட்டுலதான் ஊத்தினேன்." குவளையைப் பார்த்தே பேசினான். "ஊத்தினதும் கருத்துப் போயி பளபளன்னு வழுக்குச்சு. மழை பேஞ்சா எப்பிடி இருக்குமோ அப்பிடியே. இத்தன பேரு கண்ணவிஞ்சு போட்டத நானே கெடுக்குறனேன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் கையே வரல."

"அவ படிச்சுப் படிச்சுச் சொன்னாளே!"

"அந்தப் பள்ளத்துல அவ ஒரு தடவயாச்சும் வண்டி தள்ளிருக்காளா? எனக்குத் தெரிஞ்ச பள்ளம்னு நெனச்சேன். சொட்டுத் தண்ணி படாம பாத்துக்கிட்டா நின்னுரும், லிதுவும் இருந்துருவான்னு நெனச்சேன்."

லிதுவினா வாசல்படியில் நின்றிருந்தாள். கையில் கறக்கப் போகும் வாளி இருந்தது. எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"கை வரலேன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேப்பா. நான் போயி ஊத்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மாட்டுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே பின்பக்கம் போய்விட்டாள். கத்தலினோ அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் தெரெரே சூடாகிக் கசந்து போகும் வரை அந்தக் குவளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் போன் செய்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னம்மா இது, இங்க தளம் போட்டா சுத்தி வரப்புக் கட்டித் தண்ணி நிறுத்துவோம். அதுதான எங்க பொழப்பே!" என்றான். வருடக்கணக்காக ஞாயிறு தோறும் பேசுகிறோம். என்ன சாப்பிட்டாய், குளிர் எப்படி என்றே பேசுகிறோம். நீ அங்கே என்னப்பா வேலை செய்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தப் பெண் எங்களோடு இருந்திருப்பாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கூட்டுறவு அந்த லாரியை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டது. இஞ்சினியரம்மா நல்லவள். யார் யாரிடமோ பேசி, மிஞ்சின மூட்டைகளைக் கொண்டுவந்து ஓடைப் பள்ளத்தை மட்டும் மறுபடி கிளறிக் கலந்து உருட்டிக் கொடுத்தாள். யாரிடம் தவறு என்று அவள் கடைசி வரை கேட்கவில்லை. அவள் காரில் ஏறும்போது கத்தலினோ தானே போய், "மரவள்ளிக்கு ஊத்திட்டேன்மா" என்றான். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே, "இந்தத் தடவ ரோட்டுக்கு ஊத்துங்க, தோன் கத்தலினோ" என்றாள். ஊற்றினான். கரும்புச் சோகையைப் பரப்பி, அது காய்வதற்குள் மறுபடி மறுபடி நனைத்தான். எருதுகள் களைத்தால் தோளில் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தான். வாரம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. "என்ன தோன் கத்தலினோ, மீன் வளக்கப் போறீங்களா?" என்று ஞா பிளாசிதா கேட்டாள். அவன் சிரிக்கவில்லை, அவளும் அப்புறம் கேட்கவில்லை. பள்ளம் கல்லாக இறுகியது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டுறவுக்குப் போனான். "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். வந்து அதை நல்ல சேதி மாதிரி லிதுவினாவிடம் சொன்னான்.

"அடுத்த வருசமும் இதையேதான் சொல்வாங்கப்பா" என்றாள். அதற்குள் மூன்று மாடு விற்றுப் போயிருந்தது. மிச்சம் இரண்டும் அந்த வாரமே போயின. கடைசி மாடு போனபோது கயிற்றை அவளே வியாபாரி கையில் கொடுத்தாள்.

அவள் கிளம்புகிற நாள் விடியும்போதே மழை. டவுன் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போக வாடகைக் கார் சொல்லியிருந்தோம். முன்பென்றால் இந்த மழைக்குக் கார் வராது. பயணம் தள்ளிப் போகும், பயணச்சீட்டு வீணாகும். யார் கண்டது, மனசுகூட மாறியிருக்கும். கார் நேராக வாசலுக்கே வந்து நின்றது. கத்தலினோ வீட்டில் இல்லை. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டிருந்தான். சங்கிலி வரை போய் வழியனுப்பலாம் என்று நானும் காரில் ஏறினேன். ஓடைப் பள்ளத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கி ஏறியது. "அடேயப்பா, என்னா ரோடு!" என்றான் டிரைவர்.

ரோட்டு வாயில் சங்கிலி குறுக்கே போட்டிருந்தது. காரில் வந்த டிரைவருக்கே ஆச்சரியம், தான் உள்ளே வரும்போது அது இல்லை என்றான். கத்தலினோ கட்டைக்குப் பக்கத்தில் நனைந்து நின்றான், தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. லிதுவினா இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள். நானும் இறங்கினேன்.

"சங்கிலிய எடுங்கப்பா."

"மழை பெய்யுது."

"ரோடு தாங்கும்பா."

அவன் மகளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் கழுவிவிட்ட மாதிரி கிடந்த ரோட்டை, அது வளைந்து மறைகிற இடம் வரை பார்த்தான்.

"தாங்கும்" என்றான்.

சாவியைத் திருப்ப அவனுக்கு விரல் வரவில்லை. லிதுவினா அவன் கையின் மேல் தன் கையை வைத்துத் திருப்பினாள். சங்கிலி விழுந்தது. அவள் இரண்டு கையையும் குவித்து, "ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா" என்றாள். "ஆண்டவர் ஒன்ன ஆசீர்வதிக்கட்டும், மகளே" என்றான். அவள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது சொல்வதைப் போலவே சொன்னான். என்னிடமும் கை குவித்தாள். நான் நெற்றியில் முத்தம் மட்டும் கொடுத்தேன். கார் தார்ச்சாலையில் ஏறித் திரும்பியது.

நாங்கள் நடந்தே திரும்பினோம். மழை அப்படியேதான் பெய்துகொண்டிருந்தது. ஓடைப் பள்ளத்தில் கத்தலினோ நின்றுவிட்டான். குனிந்து ரோட்டில் எதையோ தேடினான். ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து நானும் குனிந்தேன். எங்கள் பையன்கள் போனபோது அவர்களை ஏற்றிப் போன வண்டியின் தடம் அடுத்த மழை வரைக்கும் இதே பள்ளத்தில் கிடந்தது. அதில் கால் வைக்காமல் ஓரமாகவே நடப்பேன். இப்போது சற்று முன்புதான் கார் போயிருந்தது. அவன் உள்ளங்கையை விரித்து ரோட்டின் மேல் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லத் தடவிக்கொண்டே போனான். ஒரு கோடுகூட இல்லை.